வேலிக்கு அங்காலை விழுந்த பந்து

உ
சிவமயம்

வட்டுக்கோட்டை,
9.3.1986.

அன்புக்கும், இந்தக் கடிதம் முடியும்வரை என் கோபத்துக்கும் உரிய தம்பி தில்லைநாதனுக்கு அண்ணன் கனகசபாபதி எழுதிக்கொள்வது. ஹெலிகொப்டர் வராத நேரங்களில் நாங்கள் இங்கு சுகமாக இருக்கிறோம். ஸ்கொட்லாந்துக் குளிரில் நீயும் பெண்சாதி பிள்ளைகளும் சுகமாயிருக்கப் பிள்ளையார் துணை நிற்பார். முப்பத்திரண்டு வருடம் தபால் கந்தோரில் ஊரார் கடிதங்களை நிறுத்துப் பார்த்தவன் நான். இது எத்தனை கிராம் வரும், எத்தனை முத்திரை தின்னும் என்று தெரிந்துகொண்டே எழுதுகிறேன் என்றால் என் நிலைமையை நீ விளங்கிக்கொள்ள வேண்டும்.

விஷயம் நீ அனுப்பிய கோல்ஃப் தடிகளைப் பற்றியது. என் நீரிழிவுக்கு நடை நல்லது, சும்மா நடக்க அலுப்பென்றால் பந்தை அடித்துக்கொண்டு நடக்கலாம் என்று எழுதி, ஒரு பையும் ஆறு தடியும் ஒரு டசின் பந்தும் அனுப்பினாய் அல்லவா? கொண்டுவந்த மனிதரை ஆனையிறவில் ஆமிக்காரர் இறக்கி, ஒவ்வொரு தடியையும் குழல் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார்களாம். "விளையாட்டுச் சாமான், ஒரு பென்சன்காரருக்கு" என்று இவர் சொல்ல, "பென்சன் எடுத்தவருக்கு என்ன விளையாட்டு?" என்று கேட்டார்களாம். நியாயமான கேள்வி.

கூடவே நாலு பக்கத்தில் புத்தியும் எழுதியிருந்தாய். எந்தத் தூரத்துக்கு எந்தத் தடி, ஆசைக்கு அடிக்காமல் அளவுக்கு அடிக்க வேண்டும், நேரே போக வழியில்லாவிட்டால் சுற்றிப் போக வேண்டும், பங்கருக்குள் விழக்கூடாது. அங்கே பங்கர் என்றால் மணற்குழியாம். இங்கே ஹெலி வந்தால் நாங்கள் விழுவதற்கென்றே வீட்டு வளவுக்குள் ஒன்றை வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி வைத்திருக்கிறோம். மூத்தவனுக்கு இளையவன் புத்தி சொல்லக் கூடாது என்ற கொள்கைப்படி அந்த நாலு பக்கத்தையும் பஞ்சாங்கத்துக்குள் செருகி வைத்தேன். அங்கேதான் பிசகியது.

தடிகளைப் பிரித்துப் பொறுப்புக் கொடுத்தவள் உன் அண்ணி மீனாம்பிகை. ஏழாம் நம்பர், பூசைக்குப் பூப்பறிக்கக் கொப்பு வளைக்க. ஒன்பதாம் நம்பர், கோழி கலைக்க. தட்டைத் தலைத் தடி, கட்டிலுக்குக் கீழே போன செருப்பை இழுக்க. ஐந்தாம் நம்பர், கிணற்றுக்குள் விழுந்த வாளியின் கயிற்றைக் கொழுவ. அகலத் தலையோடு மண் கிண்டத் தோதான தடி ஒன்று இருந்ததே, அது தை மாதம் முதல் காணாமல் போய்விட்டது. பெரிய மரத்தலைத் தடியை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அதைப் பிடித்தால் கையில் ஒரு அதிகாரம் வரும், தம்பி. கந்தோரில் முத்திரை குத்தும்போது வந்த அதே அதிகாரம்.

இனி, கலியாணத் தரகர் தம்பிஐயா. எங்கள் மகள் அருந்ததிக்கு இந்த ஆவணியோடு இருபத்தொன்பது முடிகிறது. இதுவரை வந்த மூன்று சம்பந்தமும் ஏன் முறிந்தன என்று உனக்கு எழுதாமல் மறைத்துவிட்டேன், இப்போது சொல்கிறேன். பெண்ணில் குறையில்லை, சாதகத்தில் குறையில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஊருக்குள் விசாரிப்பார்கள், "பெம்பிளையின்ரை தேப்பன் வலு வழக்குக்காரன்" என்று ஊர் சொல்லும், அவ்வளவுதான். பக்கத்து வளவு நாகலிங்கத்தோடு ஒன்பது வருடமாக எனக்கு வேலி வழக்கு. வருடா வருடம் வேலி அடைக்கும்போது அவன் கதியால் கம்புகளை நாலு நாலு விரற்கடை இங்கே நகர்த்தி நகர்த்தி ஒன்றரை முழத்தை விழுங்கிவிட்டான். அது போதாதென்று, அந்தத் துண்டு தன் ஆட்சியில்தான் இருக்கிறது என்று கோட்டில் நீதிபதிக்குக் காட்டுவதற்காக, அந்த ஒன்றரை முழத்தில் பனங்கொட்டை புதைத்துக் கிழங்குப் பாத்தியும் போட்டிருக்கிறான். சிரிக்காதே.

நாலாவதாக வந்தது நெல்லியடிச் சம்பந்தம். மாப்பிள்ளை இன்ஜினியர். அருந்ததி அவர் படத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரவில்லை. மாப்பிள்ளையின் தகப்பன் சீவரத்தினம் மலைநாட்டில் தோட்டக் கந்தோரில் பெரிய கிளாக்கராக இருந்து, துரைமாரோடு கோல்ஃப் விளையாடிப் பழகியவர். நெல்லியடிக்கு வந்து ஏழு வருடமாக எதிரே நின்று விளையாட ஆளில்லாமல் வாடியிருக்கிறார். எங்கள் விறாந்தையில் பை தொங்குவதைக் கண்ட தம்பிஐயா அங்கே போய், பெம்பிளையின் தகப்பன் ஒரு பெரிய கோல்ஃப்காரர் என்று அளந்துவிட்டான். உடனே சீவரத்தினம் சொல்லியனுப்பினார்: "சாதகம் பொருந்தியிட்டுது. இனி நானும் அவரும் ஒருக்கா விளையாடிப் பாப்பம்."

நேற்றுக் காலை சீவரத்தினம் தம்பிஐயாவோடு மினிபஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, தலையில் துரைத்தொப்பி, கக்கத்தில் சாக்கில் சுற்றிய மூன்று தடி. பந்து விழும் குழிகளாக, அறுவடை முடிந்த வயலில் இரண்டு பால்மாத் தகரப்பேணியும், எங்கள் பின்வளவில் ஒரு பேணியும் புதைத்து வைத்திருந்தேன். பேணி இருக்கும் இடம் தெரியக் கொடி நட வேண்டும் என்றார். இந்தக் காலத்தில் எந்த நிறத்தில் கொடி கட்டினாலும் யாராவது வந்து விளக்கம் கேட்பார்கள் என்று சொல்லி, தடி நட்டு அதில் பனையோலைப் பெட்டியைக் கவிழ்த்தேன். அறுவடைக்குப் பிறகு வெருளிப் பொம்மை கட்டும் முதல் ஆள் என்று ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். புறப்படும்போது மீனாம்பிகை என் காதுக்குள் சொன்னாள்: "இஞ்சாருங்கோ, பந்து எங்கை போனாலும் போகட்டும். வேலிக்கதை மட்டும் வாயிலை வரப்படாது."

முதல் பேணிக்குப் பெரிய மரத்தலையை எடுத்தேன். சீவரத்தினம் பார்த்துவிட்டு, "உந்தத் தூரத்துக்கு உது வலு பெரிசெல்லே?" என்றார். எனக்கா சொல்கிறார் என்று ஓங்கி அடித்தேன். பந்து போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும்! வயலைத் தாண்டி, ஒழுங்கையைத் தாண்டி, பிள்ளையார் கோயில் கேணிக்குள் விழுந்தது. அவர் சின்னத் தடியால் அரிசி புடைப்பது போல மெல்ல மெல்லத் தட்டி நாலாவது அடியில் பேணிக்குள் போட்டார். இரண்டாவது பேணிக்கும் நான் மரத்தலைதான். பந்து நின்ற இடத்தில் நிற்க, மண் மட்டும் பறந்தது. மூன்று வீச்சு வீசினேன். அந்தத் துண்டுக்கு வரும் மாரியில் உழவு தேவையில்லை. தலைக்கு மேலே தடி சுற்றிய சுற்றில் தம்பிஐயா குப்புறப் படுத்தவன், ஹெலி என்று நினைத்தானாம், எழும்பவேயில்லை.

மூன்றாவது பேணி பின்வளவில், வேலியோரமாக. அருந்ததி கிணற்றடியில் தேசிக்காய் பிழிந்த தண்ணீர்க் கிளாசுத் தட்டோடு நிற்கிறாள். நான் மறுபடியும் பெரிய தடியை எடுக்க, மீனாம்பிகை ஏழாம் நம்பரை நீட்டினாள். "கொப்பு வளைக்கிற தடியை வைத்துக்கொண்டு சம்பந்திக்கு முன்னால் நிற்பதா?" என்று மறுத்து, கண்ணை மூடி ஒரு அடி. பந்து பனையில் பட்டது, தெறித்தது, வேலிக்கு மேலாகப் போனது. போய்ப் பார்த்தால், பாதி வேலியோலைக்குக் கீழே, பாதி அங்காலே நாகலிங்கத்தின் கிழங்குப் பாத்தியில் கிடக்கிறது. வழக்கு நடக்கும் அதே ஒன்றரை முழம்! அங்கே நாகலிங்கம் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு, காலையிலிருந்து காத்திருந்தவன் போல நிற்கிறான்.

சீவரத்தினம் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "எல்லைக்கு வெளியிலை எண்டால் ஒரு அடி தண்டம். முந்தி அடிச்ச இடத்துக்குப் போய்த் திருப்பி அடிக்கோணும். உள்ளுக்கெண்டால் கிடக்கிற இடத்திலை நிண்டே அடிக்கலாம்" என்றவர், என்னைத் திரும்பிப் பார்த்து, "போஸ்ட்மாஸ்டர், உங்கடை எல்லை எது?" என்று கேட்டார்.

ஒன்பது வருடமாகக் கோட்டில் கேட்டும் தீராத கேள்வியைக் கேட்டுவிட்டு மனிதர் பதிலுக்குக் காத்து நிற்கிறார். நாகலிங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "சொல்லுங்கோ போஸ்ட்மாஸ்டர் ஐயா, சாட்சியளும் நிக்கினம்" என்றான். என் வாய் திறந்துவிட்டது, தம்பி. அந்த நேரம் பார்த்துப் பாத்தியில் நட்டபடி நின்ற ஒரு பொருள் கண்ணில் பட்டது. காணாமல் போன என் ஆறாவது தடி! அகலத் தலை மண்ணுக்குள், பிடி வானத்தைப் பார்த்தபடி.

"கள்ளன்..." என்று தொடங்கினேன்.

"கத்தாதேங்கோ, நான்தான் குடுத்தனான்" என்றாள் மீனாம்பிகை. சொல்லிவிட்டு, வேலியில் ஒரு இடத்தில் இரண்டு ஓலையை விலக்கினாள். ஆள் நுழையும் அளவுக்குப் பொட்டு, பெரிய ஓட்டை! அதன் வழியே நாகலிங்கத்தின் பெண்சாதி கமலாவதி, கையில் ஒரு பிடி கிழங்கோடு, தன் வீட்டுக்குள் வருவது போல எங்கள் வளவுக்குள் வந்தாள். "தடி வலு சோக்கு மாஸ்டர், கிழங்கு ஒண்டும் முறியேல்லை" என்றாள் என்னிடம். ஒன்பது வருடம் நாங்கள் ஆம்பிளைகள் மல்லாகம் கோட்டுக்கு அலைந்திருக்கிறோம். இவர்கள் இருவரும் அந்தப் பொட்டுக்குள்ளால் கறி மாற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். தையிலும் மாசியிலும் நான் அவித்தும் கூழிலும் தின்று, "சுன்னாகச் சந்தைக் கிழங்கின் ருசியே வேறு" என்று ஊரெல்லாம் புகழ்ந்தது இந்தப் பாத்திக் கிழங்கை. நாகலிங்கத்தின் ஆட்சிக்கான அத்தாட்சியை வாரம் இரண்டு தரம் நானே தின்று தீர்த்திருக்கிறேன்.

நாகலிங்கத்தைப் பார்த்தேன். அவன் முகமும் பார்க்கக் கூடியதாக இல்லை. அவனுக்கும் இது புதினம்தான். எங்கள் முருங்கைக்காயை எத்தனை வருடம் தின்றானோ.

அப்போது கிணற்றடியில் கிளாசுகள் ஒன்றோடொன்று முட்டும் சத்தம் கேட்டது. அருந்ததி தட்டைக் கிணற்றுக் கட்டில் இறக்கி வைத்தாள். முகத்தில் ஒரு கெஞ்சலும் இல்லை, தம்பி. இதுவும் போச்சு என்று முன்கூட்டியே பழகிய முகம். இருபத்தொன்பது வயதுப் பிள்ளைக்கு அந்த முகத்தைக் கொடுத்தவன் நான்தான். அந்த ஒன்றரை முழத்தில் எனக்கு வேண்டியது எதுவும் இல்லை என்று அப்போது பட்டது.

"வேலிதான் எல்லை. பந்து வெளியிலை. தண்டம் எனக்கு" என்றேன்.

நாகலிங்கத்துக்கு வெற்றிலை புரைக்கேறியது. நான் முந்தி அடித்த இடத்துக்குத் திரும்பிப் போய், ஏழாம் நம்பரை வாங்கினேன். "கொப்பு முறியாமல் வளைப்பியளே, அப்பிடி அடியுங்கோ" என்றாள் உன் அண்ணி. அடித்தேன். பந்து வேலியைப் பார்க்காமல், பனையைப் பார்க்காமல், நல்ல பிள்ளை போலப் பேணிக்குப் பக்கத்தில் போய் நின்றது. செருப்பு இழுக்கிற தடியால் ஒரு தட்டு. உள்ளே! சீவரத்தினம் கை குலுக்கினார். ஆனால் முகம் ஏனோ தெளிவில்லை. வழக்கின் வாசம் பிடித்துவிட்டாரோ என்று எனக்குப் பயம். பின்னேர மினிபஸ்ஸில் ஏறுமுன், ஆவணி பத்தாம் திகதி கலியாணம் என்று சொல்லிவிட்டுப் போனார். அருந்ததி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுப் படித்தாள். அவள் பாடுவாள் என்பதே எனக்குப் புதினம்.

ஆகையால் தம்பி, நீ அந்த நாலு பக்கத்தில் எழுதியது முழுக்கச் சரி. பஞ்சாங்கத்திலிருந்து எடுத்து இப்போதுதான் வாசித்தேன். வழக்கை வாபஸ் வாங்கச் சொல்லி, என் வழக்குப் பேசும் பிரக்கிராசியாருக்குக் கடிதம் எழுதி ஒட்டி வைத்துவிட்டேன். கிழங்குத் தடி கமலாவதிக்கே. மற்றத் தடிகள் மீனாம்பிகையின் குசினிக்கு. இனி எனக்குக் கோல்ஃபும் வேண்டாம், கோடும் வேண்டாம். நீ குடும்பத்தோடு ஆவணிக்கு வந்து சேர். பிள்ளைகளின் தலையில் பெரியப்பா கைவைத்து ஆசீர்வதித்ததாகச் சொல்லு. நாகலிங்கமும் உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னான்.

இப்படிக்கு,
சமாதானமடைந்த உன் அண்ணன்,
ஏ. கனகசபாபதி

பி.கு. 10.3.86, காலை. கடிதத்தை ஒட்டுமுன் சீவரத்தினம் முதல் மினிபஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். கையில் கோல்ஃப் சட்டப் புத்தகம், கண்ணெல்லாம் சிவப்பு. "போஸ்ட்மாஸ்டர், நான் பிழையான தீர்ப்புச் சொல்லிப்போட்டன். பந்து முழுசா எல்லைக்கு அங்காலை போயிருந்தால்தான் வெளியிலை. பாதி ஓலைக்குக் கீழைதானே கிடந்தது? நீங்கள் இவ்வளவு கெதியிலை விட்டுக் குடுப்பியள் எண்டு நான் நினைக்கேல்லை. எனக்குப் பெரிய மனவருத்தமாப் போச்சு" என்றார். பிறகுதான் விஷயம் வெளியில் வந்தது. அவருக்குச் சொந்தத் தமையனோடு கிணற்றுப் பங்கு வழக்கு பன்னிரண்டு வருடமாக நடக்கிறதாம். எங்கள் வேலி வழக்கை விசாரித்து அறிந்த பிறகுதான் இந்தச் சம்பந்தத்துக்கே ஓம் என்றாராம். "வழக்கில்லாத வீட்டிலை சம்பந்தம் வைச்சால் எங்கடை கவலை ஆருக்கு விளங்கும்?" என்று கேட்கிறார். பிரக்கிராசியாருக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்தாகிவிட்டது. சம்பந்தியே எனக்குச் சாட்சி. வழக்கின் அடுத்த தவணை ஆவணி பத்தாம் திகதியில் விழுகிறது என்பதால் கலியாணத்தைப் பதினேழுக்குத் தள்ளியிருக்கிறோம். மீனாம்பிகையிடம் முகூர்த்தம் பிசகிவிட்டது என்று சொல்லியிருக்கிறோம், நீ உளறிவிடாதே. இரண்டுக்கும் சேர்த்து வந்து நில். வரும்போது மூன்று டசின் பந்து கொண்டு வா. ஆட்சி காட்ட நாகலிங்கத்துக்குக் கிழங்கு என்றால் எனக்குப் பந்து. தவணைக்கு முன் அந்த வேலியோரமாக இன்னும் கொஞ்சம் விளையாட வேண்டியிருக்கிறது.