உருபுக் காவலர்

உருபுக் காவலர் என்றொரு இனம் உண்டு. அமெரிக்காவில் மில்பிடாஸ் முதல் குபெர்டினோ வரை எந்தப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் ஒருவரையாவது பார்த்துவிடலாம். நீங்கள் பதறிக்கொண்டு ‘ஆஸ்பத்திரி போறேன்’ என்றால், யாருக்கு என்ன, எப்போதிருந்து, கூட வரட்டுமா என்றெல்லாம் அவர் கேட்கமாட்டார். விட்டுப்போன ‘கு’ உருபை ஒட்டி ‘ஆஸ்பத்திரிக்கு!’ என்பார். அவ்வளவுதான்.

நம் திருமூர்த்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சிக்காரர், சிப் கம்பெனி இன்ஜினீயர், சட்டைப் பையில் எப்போதும் ஒரு குறிப்பேடு. அமெரிக்கத் தமிழ்ப் பிள்ளைகளின் வாயில் பெயர்ச்சொல்லின் வால் எப்படி உதிர்ந்தது என்பதற்கு அதில் ஆண்டுவாரியாகச் சான்று இருக்கிறது: தொண்ணூற்றிரண்டில் ‘கடைக்குப் போலாம்’, தொண்ணூற்றைந்தில் ‘கடை போலாம்’, தொண்ணூற்றெட்டில் ‘லெட்ஸ் கோ’. இத்தனைக்கும் அவரே தினம் ‘ஆபீஸ் போறேன்’ என்றுதான் கிளம்புவார். அது பேச்சு வழக்காம்! பிள்ளைகள் சொன்னால் மட்டும் மொழிச் சிதைவு.

ஹூஸ்டனில் படிக்கும் மகள் கயல் போன மாதம் போன் செய்தாள்.

“அப்பா, ஃப்ரைடே ஆறு மணி லேண்ட் ஆகுறேன். ஏர்போர்ட் வாங்க.”

“ஏர்போர்ட்டுக்கு!” என்றார் உற்சாகமாக. குறிப்பேட்டில் சொல்லை எழுதினார், அன்றைய தேதியை எழுதினார், சொன்னவர் பெயரைக்கூட எழுதினார். வெள்ளிக்கிழமை ஆறு மணியை மட்டும் எழுதவில்லை.

அந்த வெள்ளி மாலை எங்கே இருந்தார்? தமிழ்ச் சங்கத்தில், உதிரும் உருபுகளைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தார். மனைவி வசந்தாமணி அங்கேயே போன் போட்டார். “ஏனுங்க, புள்ள ரெண்டு மணி நேரமா ஏர்போர்ட்ல நிக்கறாளாமா! உங்ககிட்டச் சொன்னாளாமே?”

காரில் ஏறிய கயல், “தேங்க்ஸ் ஃபார் கமிங், டாட்” என்றாள். அப்புறம் எல்லாமே ஆங்கிலம். ஒரு பிழை கிடையாது, திருத்த இடமே இல்லை. மனுஷன் பயந்துபோனார். இவள் இனித் தன்னிடம் தமிழே பேசமாட்டாளோ? கேட்ட எனக்கே பாவமாக இருந்தது.

“எப்படி வேணும்னாலும் பேசு கண்ணு. இனி நான் வாயே தொறக்கல” என்றார்.

கயல் தமிழுக்குத் திரும்பினாள்.

“பசிக்குது அப்பா. வீடு போலாம்.”

காவலருக்கு உதடு துடித்தது. கடித்துக்கொண்டார்.

“சரி கண்ணு, வீடு போலாம்.”

நல்ல முடிவுதான். ஆனால் இப்போது மனத்துக்குள் ‘வீட்டுக்கு’ என்றீர்களே, உங்களைத்தான் கேட்கிறேன்: உங்கள் வீட்டுப் பிள்ளை கடைசியாக உங்களிடம் என்ன சொன்னது?