சேம்பிள் எத்தனை?

மருத்துவ ஆராய்ச்சி உலகத்துக்கு ஜொகூர் மாநிலம் செய்த மிகப் பெரிய உதவி, சேம்பிள் அண்ணனைச் செனாயில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலித் தொழிற்சாலைக்குள்ளேயே வைத்துக்கொண்டதுதான். அவரை வெளியே விட்டிருந்தால் உலகத்தில் ஒரு விஞ்ஞானியும் நிம்மதியாக வாயைத் திறந்திருக்க முடியாது. காப்பி இதயத்துக்கு நல்லது என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் இவர் எதிரே போய் நின்றிருப்பார். "சேம்பிள் எத்தன?"

அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். நானும் அவரோடு பன்னிரண்டு வருடம் வேலை செய்தேன், அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில், அதாவது கியூ.சி.யில், வேலை. இயந்திரத்திலிருந்து வந்து அடுக்கி நிற்கும் நாற்காலிகளில் சிலவற்றை உருவி எடுப்பார். மணல் மூட்டையை உயரத்திலிருந்து அதன் மேல் போடுவார். கால் முறியும் வரை போட்டுக்கொண்டே இருப்பார். எத்தனையாவது தடவையில் முறிந்தது என்று எழுதி வைப்பார். நாங்கள் எல்லாம் நாற்காலி செய்வதற்குச் சம்பளம் வாங்கினோம், அவர் உடைப்பதற்கு வாங்கினார். அந்த முகத்தில் இருந்த திருப்தியை வைத்துப் பார்த்தால் சம்பளம் இல்லாமலும் செய்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

காலை ஆறரைக்குக் கூலாயிலிருந்து தொழிற்சாலை வேன் கிளம்பும். முன்வரிசையில் சேம்பிள் அண்ணன், பக்கத்தில் ஸ்டோர் குமாஸ்தாவாகிய நான், பின்னால் பேக்கிங் பிரிவு சரோ அக்கா. சரோ அக்காவின் கைப்பேசி ஒரு மருத்துவக் கல்லூரி. செம்பனைத் தோட்டம் தாண்டுவதற்குள் அதிலிருந்து இரண்டு வியாதிகளும் மூன்று மருந்துகளும் வெளிவந்துவிடும்.

"இந்தா கேளுங்க, புது ஆராய்ச்சி. வெறும் வயித்துல வெண்டைக்கா ஊறுன தண்ணி குடிச்சா மூட்டுவலி ஓடிருமாம்."

"யாரு சொன்னா?" என்பார் சேம்பிள் அண்ணன், திரும்பாமலே.

"வெளிநாட்டு டாக்டருங்க லா."

"யாருக்குக் குடுத்துப் பாத்தாங்க? எலிக்கா, மனுஷனுக்கா?"

"எலிக்கு எங்கண்ணே மூட்டுவலி வருது?"

"அதத்தான் நானும் கேக்குறேன்."

சரி, இவர் ஆராய்ச்சிக்கே எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி இருந்திருந்தால் எங்களுக்கு எவ்வளவோ சௌகரியமாக இருந்திருக்கும். அவர் ஆராய்ச்சியின் பக்தர். நாங்கள் தலைப்பைப் படித்துவிட்டுச் சண்டை போடுவோம், அவர் சாப்பாட்டு நேரத்தில் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அந்தக் கட்டுரையையே தேடிப் பிடித்து, புரியாத ஆங்கிலத்துக்குக் கைப்பேசியில் அர்த்தம் பார்த்து, கடைசிப் பக்கம் வரை படிப்பார். போன வாரம் முட்டை எமன், இந்த வாரம் முட்டை நண்பன், இவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று நான் ஒருமுறை கத்தினேன்.

"ரெண்டு பேரும் பொய் சொல்லல ஸ்டோரு. அவங்க வேற கூட்டத்தப் பாத்தாங்க, இவங்க வேற கூட்டத்தப் பாத்தாங்க. 'இருக்கலாம்'னு எழுதியிருக்காங்க. அத 'இருக்கு'ன்னு மாத்துனது நீ படிச்ச பேப்பரு."

இப்படி ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் பசியாறியது எப்படிச் செரிக்கும்?

சரோ அக்காவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவர் பொடி வியாபாரம் செய்தார். மூட்டுவலிக்கு ஒரு பொடி, முடிக்கு ஒரு பொடி, இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதிக்கு ஒரு பொடி. மூன்றும் ஒரே நிறம். மூட்டுவலிப் பொடியைக் கோப்பியில் கலந்து குடித்ததிலிருந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று சரோ அக்கா சத்தியம் செய்தார். சேம்பிள் அண்ணன் அன்றைக்கே கேன்டீன் நடத்தும் மலாய்க்கார அம்மா மக்சிக்கைப் போய்ப் பார்த்தார். மூட்டுவலிக்காரர்கள் எட்டுப் பேரை அவர்கள் சம்மதத்தோடு சேர்த்தார். நான்கு பேர் கோப்பியில் பொடி, நான்கு பேர் கோப்பியில் அதே நிறத்துக்கு வறுத்த அரிசி மாவு. யாருக்கு எது என்று மக்சிக்குக்கு மட்டும்தான் தெரியும். கோப்பைக்கு அடியில் ஸ்டிக்கர் ஒட்டி, இரண்டு வாரம் நடத்தினார்கள். எங்கள் தொழிற்சாலையில் சம்பள உயர்வுப் பேச்சுவார்த்தைகூட அவ்வளவு ஒழுங்காக நடந்ததில்லை.

கடைசி நாள் சரோ அக்கா எல்லோர் முன்னாலும் மாடிப்படியில் ஏறி இறங்கிக் காட்டினார், கைப்பிடியைக்கூடத் தொடவில்லை. மக்சிக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். இரண்டு வாரமும் சரோ அக்கா குடித்தது அரிசி மாவு.

"இப்ப என்ன சொல்ற சரோ?" என்றார் சேம்பிள் அண்ணன்.

சரோ அக்கா கோப்பையை வாங்கி மோந்து பார்த்தார். "அப்ப குணம் அரிசி மாவுலதாண்ணே இருக்கு."

மறுநாள் வேனில் வறுத்த அரிசி மாவுக்கு ஆர்டர் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அன்று முழுவதும் சேம்பிள் அண்ணன் ஒரு நாற்காலியைக்கூட உடைக்கவில்லை.

பொடிக்காரத் தம்பியை அவர் சும்மா விட்டாரா? கூலாயில் ஒரு மண்டபத்தில் பொடி அறிமுகக் கூட்டம். மேடையில் ஆறு பேர் ஏறி, சுகர் போச்சு, பிரஷர் போச்சு என்று மைக்கில் அழுதார்கள். சேம்பிள் அண்ணன் எழுந்து நின்றார்.

"குடிச்சும் போகாதவங்கள எங்க ஒக்கார வச்சிருக்கீங்க?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. தம்பி வேர்வையைத் துடைத்துக்கொண்டு, கேள்விகள் கடைசியில் என்றார்.

"சரி லா, கடைசியிலயே கேக்குறேன். இன்னொன்னு, இந்த நாற்காலியெல்லாம் எங்க ரிஜெக்ட் லாட்டு. பாத்து ஒக்காருங்க."

முந்நூறு பேர் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். எழுந்தவர்கள் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

இவ்வளவையும் கண்ணால் பார்த்தவன் புத்தியோடு பிழைத்திருப்பான் என்று நினைப்பீர்கள். அங்கேதான் நான் வருகிறேன்.

எனக்கு இனிப்பு நீர் வந்தது. அரசாங்கக் கிளினிக்கில் மாத்திரை கொடுத்து, மாதாமாதம் வரச் சொன்னார்கள். நம்மவர்கள் கிளினிக்குக்கு எப்படிப் போவார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபத்தெட்டு நாள் ரொட்டி சானாயும் இனிப்பான தே தாரிக் டீயும் பலகாரமுமாக ராஜ வாழ்க்கை. கடைசி இரண்டு நாள் மட்டும் முனிவர் ஆகிவிடுவோம். கஞ்சித் தண்ணி, வெள்ளரிக்காய், பக்தி. விரலில் குத்திப் பார்த்தால் எண் அருமையாக வரும். அந்த எண் எழுதிய சீட்டை நான் வேனில் எல்லோருக்கும் காட்டினேன்.

சேம்பிள் அண்ணன் வாங்கிப் பார்த்தார். "நேத்து என்ன சாப்ட்ட?"

"கஞ்சிண்ணே."

"ஆடிட்டர் வர்ற அன்னைக்கு மட்டும் ஃபேக்டரிய கூட்டிக் கழுவுற கதையா இருக்கு. யார ஏமாத்துற? நர்ஸு வீட்டுக்கா போவுது ஒன் சுகரு?"

அதோடு விட்டாரா? சொந்தமாக ஒரு சுகர் பார்க்கும் மெஷின் வாங்கினார். எந்த நேரத்தில், எந்த மூலையிலிருந்து வருவார் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டோரில் பெட்டி எண்ணிக்கொண்டிருப்பேன், தோளில் ஒரு கை விழும். "விரல்." தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில் அதிரசத்தைக் கடித்து இன்னும் விழுங்கவில்லை. "விரல்." ஒரு நாள் கழிவறைக் கதவுக்கு வெளியே காத்திருந்தார்.

"அலமாக், இங்கயுமாண்ணே?"

"சொல்லிட்டு வந்தா அதுக்குப் பேரு சேம்பிளிங்கா?"

எண்கள் அவருடைய நோட்டில் ஏறிக்கொண்டே போயின. எனக்கு வந்ததோ வியாதியின் மேல் அல்ல, அவர் மேல் எரிச்சல். ரோஷத்தில் நான் செய்த காரியம் இருக்கிறதே, அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அந்தத் தம்பியிடமே போய் இனிப்பு நீர்ப் பொடி வாங்கினேன், மாத்திரையை நிறுத்தினேன். மூன்று மாதம் கழித்து நல்ல எண்ணைக் காட்டி இந்த மனிதர் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் என் திட்டம். விரலையும் ஒளித்துக்கொண்டேன். அவர் இடது பக்கம் வந்தால் நான் வலது பக்கம்.

இரண்டாவது மாதம் பாதுகாப்புச் சப்பாத்து உரசி, வலது கால் சுண்டு விரலில் ஒரு கொப்புளம். பொடியைக் குடித்தேன், பொடியையே மேலேயும் தூவினேன். அது ஆறவில்லை. இரண்டு காலுறை போட்டுக்கொண்டு, நொண்டாமல் நடக்க வீட்டில் பயிற்சி எடுத்தேன்.

ஒரு திங்கட்கிழமை வேனில் ஏறும்போது சேம்பிள் அண்ணன் என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்காலியின் எந்தக் கால் முறியப் போகிறது என்று தூரத்திலிருந்தே சொல்கிற கண் அது.

"சப்பாத்தக் கழட்டு."

"ஒண்ணுமில்லண்ணே."

"கழட்டுடா!"

கழற்றினேன். வேனுக்குள் நாற்றம் பரவியது. சரோ அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"மாத்திர?" என்றார் சேம்பிள் அண்ணன்.

அப்போதும் எனக்குக் கொழுப்பு அடங்கவில்லை. அவருடைய பாஷையிலேயே பேசினால் குளிர்ந்துவிடுவார் என்று நினைத்தேன். "நிறுத்திட்டேண்ணே. நானும் ஒரு ஆராய்ச்சிதான் பண்றேன். பொடி வேல செய்யுதா இல்லையான்னு. இன்னும் ஒரு மாசம் பாத்துட்டா முடிவு தெரிஞ்சிரும்."

பன்னிரண்டு வருடத்தில் அவர் கத்தி நான் கேட்டதில்லை. அன்றைக்குக் கத்தினார்.

"நான் ஒரு நாற்காலிய ஒடைக்கிறேன்னா, பின்னால அதே மாதிரி ஐந்நூறு அடுக்கி நிக்குதுடா! ஒன்ன ஒடைச்சுப் பாத்துட்டு இன்னொன்ன எங்க போய் எடுக்குறது? ஒரே பீஸு! ஒரே பீஸ யாராச்சும் டெஸ்ட் பண்ணுவானா, முட்டாப் பயலே!"

அவர் டிரைவரைப் பார்த்து, "கிளினிக்குக்குத் திருப்பு," என்றார்.

"பஞ்ச் கார்டு லேட்டாயிரும்ண்ணே," என்றார் டிரைவர்.

"ஆவட்டும்."

மொத்த வேனும் கிளினிக் வாசலில் இறங்கியது. சரோ அக்கா என் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டர் அம்மா காயத்தைப் பார்த்துவிட்டு, மூன்று மாதச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார். முனிவர் வேஷமெல்லாம் அந்தப் பரிசோதனையிடம் செல்லாது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் விரலை எடுத்திருக்க வேண்டும், பாதத்துக்கும் உத்தரவாதம் இல்லை என்றார். பிறகு சேம்பிள் அண்ணனைப் பார்த்து, "நீங்க இவரோட அண்ணனா?" என்று கேட்டார்.

"இல்ல டாக்டர். கியூ.சி."

விரல் பிழைத்தது. மாத்திரை திரும்ப வந்தது. பொடியைச் சரோ அக்காவே வாங்கிக் குப்பையில் கொட்டினார், அரிசி மாவை மட்டும் விடவில்லை.

போன வருடம் அவர் வேலை ஓய்வு பெற்று, மூவாரில் மகள் வீட்டோடு போய்விட்டார். முதல் வாரம் வேனில் எங்களுக்குச் சுதந்திரம் கிடைத்த மாதிரி இருந்தது. சரோ அக்கா புது ஆராய்ச்சி ஒன்றை வாசித்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செம்பனைத் தோட்டம் தாண்டி, நெடுஞ்சாலை வந்து, செனாய் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் சரோ அக்காவே மெதுவாகச் சொன்னார்: "எலியா மனுஷனான்னு இதுல போடல."

எனக்கு மட்டும் முழுச் சுதந்திரம் கிடைக்கவில்லை. நினைத்த நேரத்தில் மூவாரிலிருந்து ஒரே ஒரு சொல் கைப்பேசிக்கு வரும். 'விரல்.' நான் குத்திப் பார்த்து எண்ணைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். நல்ல எண்ணுக்குப் பாராட்டெல்லாம் கிடையாது, கெட்ட எண்ணுக்கு மட்டும் போன் வரும்.

போன மாதம் பத்து நாள் அந்தச் சொல் வரவில்லை. இரண்டு நாள் சந்தோஷப்பட்டேன். மூன்றாம் நாளிலிருந்து கைப்பேசியையே எடுத்து எடுத்துப் பார்த்தேன். போன் செய்தால், "சும்மா அசதி லா," என்று வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காடியை ஓட்டிக்கொண்டு மூவாருக்குப் போனேன்.

வாசலிலேயே மகள் பிடித்துக்கொண்டார். "நீங்களாச்சும் சொல்லுங்க அங்கிள். ராத்திரி பகலா தாகம்னு தண்ணி குடிக்கிறாரு, ஆளே இளைச்சுட்டாரு. கிளினிக்குக்கு வாங்கப்பான்னா, எனக்கு ஒண்ணுமில்லங்கிறாரு."

சேம்பிள் அண்ணன் ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் ஆட்டிப் பார்க்காமல் உட்கார்ந்த முதல் நாற்காலி அதுவாகத்தான் இருக்கும். தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிந்தது. ஊரார் விரலையெல்லாம் குத்திய மனிதர் தன்னுடையதை ஒரு முறைகூடக் குத்திக்கொண்டதில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

பையிலிருந்து மெஷினை எடுத்தேன்.

"விரல்," என்றேன்.

முறைத்தார். 'சேம்பிள் எத்தன?' என்ற அந்தப் பழைய கேள்வி வரப்போகிறது என்று காத்திருந்தேன். வரவில்லை. பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையை நீட்டினார்.

அவர் கேட்காவிட்டாலும் பதில் சொல்ல வேண்டியது என் கடமை இல்லையா? விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஒரே பீஸுதாண்ணே."