குடத்துக்கு விழாத ஓட்டு

தேர்தலில் நின்று ஒரு ஓட்டுகூட வாங்காதவன் நான். என் ஓட்டும் எனக்கு விழவில்லை. அதை மாற்றிப் போட்டதும் நான்தான். (கை தவறியோ, கண் தெரியாமலோ இல்லை. நிதானமாகத்தான் போட்டேன்.)

என் பெண்டாட்டி பச்சையம்மா எங்கள் மலையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். நான் குட்டி யானை வண்டி ஓட்டுகிறேன். புளி, சாமை, பலாப்பழம், சந்தைக்குப் போகிற ஆள், எது வந்தாலும் ஏற்றுவேன். அவள் படித்தவள். நான் ஐந்தாவதோடு நின்றவன். வீட்டில் பேச்சு அவளுடையது. "சரி" மட்டும் என்னுடையது.

அந்த வருஷம் அவள் பள்ளியில் இங்கிலீஷ் பிரிவு தொடங்கினார்கள். ஓட்டு, பஞ்சாயத்து, சட்டம் எல்லாவற்றையும் இனி இங்கிலீஷில் நடத்த வேண்டுமாம். டீச்சர்களுக்கு ஜமுனாமரத்தூரில் ஒரு வாரம் பயிற்சி. கடைசி நாளில் ஆளுக்கொரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். தேறாதவர்களை மலைக்குக் கீழே மாற்றிவிடுவார்கள் என்று பேச்சு. பச்சையம்மா கீழே போனால் அவளும் எங்கள் பெண்ணும் அங்கே, நானும் வண்டியும் இங்கே.

பயிற்சி கொடுக்க வந்த மேடம் கண்டிப்பானவர். அறைக்குள் தமிழ் கூடாது. ஒவ்வொரு டீச்சர் முன்னாலும் ஒரு டம்ளர். தமிழில் ஒரு வார்த்தை வந்தால் டம்ளரில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். முதல் நாளே பச்சையம்மாவின் டம்ளர் நிறைந்துவிட்டது. "ஐயோ, ரொம்பிடுச்சே" என்றாளாம். அதற்கும் கொட்டை போடச் சொன்னார்களாம்.

வீட்டுக்கு வந்தால் என்னைச் சாமை மூட்டைமேல் உட்காரவைத்துப் பாடம் நடத்துவாள். வகுப்பில் நானும் இரண்டு ஆடும். அவள் இங்கிலீஷ் மலை ஏறுகிற பஸ் மாதிரி. ஒவ்வொரு வளைவிலும் நிற்கும், கொஞ்சம் பின்னால் வரும், மறுபடி ஏறும்.

"புரிஞ்சிச்சா மாமா?"

"எஸ் மேடம்."

"இன்னா புரிஞ்சிச்சி?"

நான் ஆடுகளைப் பார்த்தேன். ஆடுகள் நான் உட்கார்ந்திருந்த மூட்டையைப் பார்த்தன.

கடைசி நாள் வந்தது. பயிற்சி நடந்த பள்ளியில், திருவிழா லீவுக்கு ஊருக்குப் போன பிள்ளைகள் திரும்பவில்லை. பெஞ்சு காலி. பெரியவர்களாக இருந்தாலும் பரவாயில்லை, ஆள் உட்கார்ந்தால் போதும் என்று சொல்லிவிட்டார் மேடம். பச்சையம்மா எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, ஒரு பத்துப் பேர இட்டுனு வா. நீயும் ஒக்காரு. வாயத் தொறக்காத."

(என்னிடம் போய் அதைச் சொன்னாள் பாருங்கள்.)

அன்று சந்தை. வண்டிக்காகக் காத்து நின்றவர்களை அப்படியே ஏற்றினேன். சாப்பாட்டுப் பொட்டலம் உண்டு என்றேன். பலாப்பழம் விற்கிற காளியப்பன் விற்காத பழத்தோடு ஏறினான். சடையன் பெரியப்பா மட்டும் ஏறாமல் நின்றார்.

"பொட்டலத்துல முட்ட கீதா?"

"கீது."

ஏறிவிட்டார்.

சின்னப் பிள்ளைகள் பெஞ்சில் முட்டி மோவாயைத் தொட உட்கார்ந்தோம். மேடம் பின்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பச்சையம்மா தொடங்கினாள். பஸ் முதல் வளைவிலேயே நின்றது. எங்களைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள், மறுபடி ஏறினாள்.

பாடம் ரகசிய வாக்கெடுப்பு. வகுப்புத் தலைவர் தேர்தல். பலகையில் ஒரு குடமும் ஒரு மண்வெட்டியும் வரைந்தாள். என்னைக் காட்டிவிட்டுக் குடத்தைத் தொட்டாள். காளியப்பனைக் காட்டிவிட்டு மண்வெட்டியைத் தொட்டாள். (எங்கள் வாயில் அது மம்முட்டி.) இரண்டு சின்னமும் போட்ட சீட்டுகளை எங்களிடம் கொடுத்தாள். மூலையில் ஒரு சேலையைக் கட்டி மறைப்பு. உள்ளே ஒரு சாக்பீஸ் டப்பா, மேலே ஓட்டை. போய்ப் போடுங்கள் என்று கையால் காட்டினாள்.

நாங்கள் எல்லோரும் எழுந்தோம். எழுந்து வெளியே போனோம்.

எங்கள் பக்கம் எந்தக் காரியமானாலும் முதலில் உட்கார்ந்து பேசுவோம். பேசி ஒரு பெயர் வந்தால் எல்லோருக்கும் அதே பெயர்தான். ஆளுக்கொரு பக்கம் போட்டால் ஊர் உடைந்தது என்று அர்த்தம். பள்ளி வாசலில் ஒரு புளியமரம். அதன் கீழே உட்கார்ந்தோம். ஜன்னலில் பச்சையம்மாவின் முகம் தெரிந்தது. நன்றாக நடக்கிறது என்று தலையாட்டினேன்.

"இன்னாப்பா, யாருக்குப் போடலாம்?" என்றார் சடையன் பெரியப்பா.

"இவனுக்கே போடலாமே. வாத்தியாரம்மா வூட்டுக்காரன்," என்றான் ஒருவன்.

"அதனாலதான் வாணாங்கறேன். வூட்லயும் அந்தம்மா சொல்றத கேக்கணும், இங்கயும் கேக்கணும். தாங்குவானா? காளியப்பனுக்குக் குடுங்க. கல்யாணம் ஆவாத பையன். தலைவர்னா எவனாச்சும் பொண்ணு குடுப்பான்," என்றார் பெரியப்பா.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"உனுக்கு சம்மதமா?"

"சரி."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

திரும்பி வந்தோம். பேசி முடித்த விஷயத்துக்கு மறைப்பு எதற்கு? பெஞ்சிலேயே வைத்து, ஒருவருக்கொருவர் காட்டி டிக் அடித்து டப்பாவில் போட்டோம். பெரியப்பா கண்ணாடி கொண்டுவரவில்லை. நேராக மேடத்திடம் போனார்.

"அம்மா, மம்முட்டி எதுன்னு பாத்து நீயே ஒண்ணு போட்டுடும்மா."

மேடம் "சீக்ரெட், சீக்ரெட்" என்று சீட்டைத் தள்ளினார். பெரியப்பா அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து இன்னும் சத்தமாகச் சொன்னார்.

டப்பாவைத் திறந்தாள் பச்சையம்மா. மண்வெட்டி, மண்வெட்டி, மண்வெட்டி. கடைசிவரை குடமே வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்று காளியப்பனைக் காட்டினேன். கொஞ்சம் பெருமையாகவே காட்டினேன் என்று நினைக்கிறேன்.

அவள் முகம் சிவந்தது. திட்ட வேண்டும். தமிழில் திட்டக் கூடாது.

திட்டினாள். இங்கிலீஷில். அந்த பஸ் நிற்கவே இல்லை. எல்லா வளைவையும் ஒரே மூச்சில் இறங்கியது. எனக்குப் புரிந்தது "ஓட்", "ஒய்ஃப்", "ஃபூல்" மூன்றும்தான். மற்றதைப் பிற்பாடு அவளே தமிழில் சொன்னாள். 'உன் ஓட்டு உன்னுது. ஊர் கேட்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்தவன் கேட்கக் கூடாது. கட்டின பெண்டாட்டிகூடக் கேட்கக் கூடாது. அதுக்குத்தான் சேலையைப் பிரிச்சுக் கட்டி வெச்சிருக்கேன். நீ நல்லவன்னு நீயே நெனைக்கலன்னா எவன் நெனைப்பான்?'

பேசி முடித்தாள். மூச்சு வாங்கியது. பெரியப்பா மெதுவாகக் கை தட்டினார். (பாட்டு என்று நினைத்தாராம்.)

நான் மேடத்தைப் பார்த்தேன். போச்சு, கீழே ஒரு வீடு பார்க்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். மேடம் எழுந்து வந்தார்.

"இத்தன நாளா இந்த இங்கிலீஷ் எங்கம்மா இருந்துச்சு?" என்றார் தமிழில். சொன்னபிறகுதான் உறைத்தது போல. மேஜையிலிருந்து புளியங்கொட்டைகளை எடுத்துத் தன் காபி டம்ளரில் போட்டுக்கொண்டார்.

"தெரியல மேடம். இவரால வந்துச்சி," என்றாள் பச்சையம்மா. அவளும் போட்டாள்.

தேறிவிட்டாள். மலையிலேயே இருக்கிறாள். பொட்டலத்தில் முட்டை இல்லை. சடையன் பெரியப்பா இன்றைக்கும் அதை என்னிடம் கேட்கிறார். காளியப்பனைச் சந்தையில் எல்லோரும் "தலைவரே" என்றார்கள். பெண் கிடைத்தது. எந்தக் கட்சித் தலைவர் என்று மாமனார் வீட்டில் கேட்டதற்கு "மம்முட்டி" என்றானாம்.

அதன்பிறகு நிஜத் தேர்தல் வந்தது. இருவரும் சேர்ந்து போய்ப் போட்டுவிட்டு வண்டியில் திரும்பினோம். முதல் வளைவில் அவள் கேட்டாள்.

"யாருக்கு மாமா போட்ட?"

"சீக்ரெட், மேடம்."

சிரித்தாள். இரண்டாவது வளைவில் மறுபடி கேட்டாள். அதே பதில். மூன்றாவது வளைவில் இங்கிலீஷ் ஆரம்பித்துவிட்டது.

இப்போது ஒவ்வொரு தேர்தலுக்கும் இதுதான். ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால் என் பெண் எனக்கு முன்னால் ஒரு டம்ளரும் புளியங்கொட்டையும் வைத்துவிட்டு, அம்மாவைப் பார்த்து "கேளுமா" என்பாள். பச்சையம்மா கேட்பாள். நான் இங்கிலீஷிலேயே "சீக்ரெட், மேடம்" என்று சொல்லிவிடுவேன். இன்றுவரை என் டம்ளரில் ஒரு கொட்டை விழுந்ததில்லை. ரிசல்ட் வரும்வரை எனக்குச் சோறு போடும்போது மட்டும் கரண்டி கொஞ்சம் சத்தமாக விழும்.