மூக்கன் ஒரு தொகுதி ஆகமாட்டார்

சக்கரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று உலகம் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறது. சுழற்சியை ஒழித்தவர் யார் என்று எவரும் தேட வேண்டியதில்லை. ஆலங்குடிக்குக் கிழக்கே வேலங்காட்டுப்பட்டியில், நிலக்கடலை உற்பத்தியாளர் நலச் சங்கத்தின் செயலாளர் திரு. கண்ணுசாமி அவர்கள் மின்விசிறிக்கு நேர் கீழே அமர்ந்திருக்கிறார். யார் வேண்டுமானாலும் போய்த் தரிசிக்கலாம். அலுவலக நேரத்தில் மட்டும் போகக் கூடாது. அப்போது அவர் இருக்கமாட்டார்.

அந்தச் சங்கத்தின் கம்ப்யூட்டரில் மூவாயிரத்துச் சொச்சம் விவசாயிகள் குடியிருக்கிறார்கள். ஜிப்சமோ விதையோ தார்ப்பாயோ வந்தால், மனுப்போட்டவர்களைப் பயனாளிகள் பட்டியலில் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு பழைய புரோகிராம் இருந்தது. அது ஒரு விவசாயியை எடுக்கும், பேர், ஊர், சர்வே நம்பர், பிறந்த தேதி எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கும், பட்டியலில் ஏற்றும், திரும்பி வந்து அடுத்தவரை எடுக்கும். கடைசி ஆள் வரைக்கும் இப்படியே போகும், வரும். இதற்கு ‘லூப்’ என்று பெயர். காலையில் தட்டிவிட்டால் சாயங்கால வடைக்கு முடியும்.

சங்கத்தில் ஒப்பந்த வேலை பார்க்கும் இசைவாணி என்ற பெண் அதைத் தூக்கிவிட்டு ஒரே ஒரு கட்டளை எழுதினாள். ஆளாளாக எடுப்பது கிடையாது. மொத்த மனுவும் ஒரு தொகுதியாக, ஒரே மூச்சில் பட்டியலுக்குள் போய் விழும். விதை வந்தபோது சோதித்துப் பார்த்தாள். நாற்காலியைப் பின்னால் நகர்த்துவதற்குள் முடிந்துவிட்டது. அவள் அளவில் அது ஒரு நல்ல வேலை, அவ்வளவுதான். ஆனால் நல்ல வேலை மேலதிகாரியின் கண்ணில் பட்டால் கொள்கையாகிவிடும் என்பது அந்தப் பெண்ணுக்கு இன்னும் தெரியவில்லை.

கண்ணுசாமி திருச்சியில் ஒரு பயிற்சி முகாமுக்குப் போய்வந்த கையோடு ‘தொகுதிமுறை நிர்வாகம்’ என்பதைப் பிரகடனம் செய்தார். ஆடுகளை ஒவ்வொன்றாகக் காதைப் பிடித்து இழுத்துவந்து பட்டியில் அடைப்பது அநாகரிகம், மந்தையாக ஓட்டி அடைப்பதே நாகரிகம் என்று விளக்கினார். வருகைப் பதிவேட்டில் ஆறு பேரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போடுவது ஒழிக்கப்பட்டு, எல்லாருக்கும் சேர்த்து அவரே ஒரு கையெழுத்துப் போட்டார். குறை சொல்ல வந்தவர்கள் இனி வரிசையில் நிற்க வேண்டாம், எல்லாரும் ஒரே சமயத்தில் சொல்லலாம் என்று அறிவித்தார். சொன்னார்கள். அவர் ஒரு தடவை தலையை ஆட்டினார். அத்தனை குறையும் ஒரே ஆட்டில் தீர்ந்தது. கடைசியாக ஒரு சுற்றறிக்கை வந்தது: ‘இனி இச்சங்கத்தில் எவரையும் தனியாகச் சேர்த்தல் கூடாது. தரவில் கைவைத்தலும் கூடாது.’

இத்தனை பெரிய புரட்சி நடந்தது மூக்கனுக்குத் தெரியாது. அவர் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

மூக்கனுக்கு ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் மேலே நிலம். அவரும் பெண்சாதி சொர்ணவல்லியும் பிடுங்கி, ஆய்ந்து, சங்கக் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள களத்தில் கடலையைக் காயப்போட்டிருந்தார்கள். நல்ல திரட்சியான காய். ஒரு வெயில், இரண்டு வெயில் பட்டால் மூட்டை கட்டிவிடலாம். வெயில்தான் அந்த வாரம் சரியாக வேலைக்கு வரவில்லை. தெற்கே தினமும் மேகம் கட்டியது. நனைந்தால் கடலை கறுத்துப்போகும், இல்லையென்றால் களத்திலேயே முளைத்துப் பயிராகும். வியாபாரி அதைக் கையால் தொடமாட்டார். ஆகவே மூக்கன், மற்ற எல்லாரையும் போல, சங்கத்தின் இலவசத் தார்ப்பாய்க்கு மனுப்போட்டுவிட்டு வானத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தார்ப்பாய்கள் வந்து கிடங்கில் மலைபோல் அடுக்கியிருந்தன. இசைவாணி கட்டளையைத் தட்டினாள். பட்டியலில் ஒருவர்கூட ஏறவில்லை. மறுபடி தட்டினாள். மறுபடியும் ஒருவர்கூட இல்லை. யாரோ ஒருவருக்குப் பிறந்த தேதி காலியாக இருக்கிறது, ஆகையால் எவருக்கும் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. அதுதான் தொகுதியின் தர்மம்: ஏறினால் எல்லாரும் ஏறுவது, விழுந்தால் எல்லாரும் விழுவது. யாரென்று தோண்டிப் பார்த்தாள். மூக்கன்.

மூக்கனின் ஆதார் அட்டையில் வருஷம் மட்டும்தான் உண்டு. மாசமும் நாளும் இல்லை. அவரைப் பெற்றவர்களுக்கு அன்றைக்கு வேறு வேலை இருந்திருக்கிறது. பழைய லூப் அவரிடம் வரும்போது தட்டித் தடுமாறி நிற்கும், அவரை ஓரமாக ஒதுக்கிவிட்டு அடுத்தவரிடம் போகும். எல்லாம் முடிந்தபின் இசைவாணி ‘ஜனவரி ஒன்று’ என்று கையால் போட்டு அவரை ஏற்றிவிடுவாள். போன வருஷம் ஜிப்சம் அப்படித்தான் அவருக்குக் கிடைத்தது. விதைக்கு அவர் மனுப்போடவில்லை, அதனால் புதுக் கட்டளை அப்போது தடுக்கவில்லை. இப்போது கையால் போடுவது குற்றம்.

செய்தி ஆலங்குடி பஸ் ஏறுவதற்குள் ஊரெல்லாம் பரவிவிட்டது. மூவாயிரம் குடும்பத்துத் தார்ப்பாய் மூக்கனின் பிறப்பில் சிக்கிக்கொண்டு நிற்கிறது. முதல் நாள் ஆட்கள் அவரை ஏசினார்கள். ஏசுவதால் பிறந்த தேதி வராது என்று தெரிந்ததும், இரண்டாம் நாள் மரியாதை தொடங்கியது. டீக்கடையில் அவருக்கு மட்டும் பாலில் தண்ணீர் ஊற்றவில்லை. வரப்புத் தகராறில் பத்து வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து நிலத்து நல்லதம்பி, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு களத்துக்கே வந்து குந்தினார்.

“ஏண்ணே, நீ எப்பத்தான் பொறந்த? கொஞ்சம் நெனச்சுப் பாரேன்.”

“நான் அப்ப சின்னப் புள்ளப்பா. எனக்கு எப்புடித் தெரியும்?” என்றார் மூக்கன்.

நல்லதம்பி விடவில்லை. தன் செத்துப்போன சின்னண்ணன் பிறந்த தேதி சும்மாதான் கிடக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்றார். சொர்ணவல்லிக்குக் கோபம் வந்துவிட்டது. செத்தவன் நாளில் என் புருஷன் பிறக்கமாட்டான் என்று பழத்தை வாங்கி வைத்துக்கொண்டு ஆளை அனுப்பினாள்.

அன்று மத்தியானமே மூக்கன் தானாகச் சங்கத்துக்குப் போனார். அவருக்கு ஊருக்காக விட்டுக்கொடுப்பதில் ஒரு வருத்தமும் இல்லை.

“சார், ஒங்களுக்கு எந்த நாள் வசதியோ அந்த நாள்ல நான் பொறந்துக்கிறேன். சட்டுனு ஒண்ணு போட்டு விடுங்க. மேகம் கட்டுது.”

கண்ணுசாமி கண்களை மூடிக்கொண்டார். ‘தரவுத் தூய்மை’ பற்றிப் பயிற்சி முகாமில் ஒரு மத்தியானம் முழுக்க அழுத்தமாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு மனிதனின் பிறப்பைத் தீர்மானிக்கும் அதிகாரம் செயலாளருக்குக் கிடையாது, துணைக்குழுவுக்கு மட்டுமே உண்டு என்று சொல்லி, உடனே ஒரு துணைக்குழுவை அமைத்தார். நல்லதம்பி அதில் உறுப்பினர்.

துணைக்குழு தேநீருடன் கூடியது. பொங்கலன்று பிறந்ததாக வைக்கலாம் என்று ஒருவர் முன்மொழிந்தார். அன்று அரசு விடுமுறை, எந்தப் பிறப்பையும் பதிவு செய்திருக்க முடியாது என்று ஆட்சேபம் எழுந்தது. சங்கத் தலைவரின் பிறந்த நாளையே வைத்தால் கேக் செலவு மிச்சம் என்று இன்னொருவர் சொல்ல, தலைவருக்கும் மூக்கனுக்கும் ஒரே நாளா என்று நல்லதம்பியே கொதித்தார். ஆடியில் பிறந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று வெளியே நின்றிருந்த சொர்ணவல்லி ஜன்னல் வழியாகத் தகவல் கொடுத்தாள். முடிவில், மூக்கன் பிறந்திருக்கிறார் என்பதைக் குழு கொள்கையளவில் ஏற்பதாகவும், எப்போது என்பதை மேலிடத்துக்கு எழுதிக் கேட்பதாகவும் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

வெளியே வந்த மூக்கன் வானத்தைப் பார்த்தார். மேலிடம் கறுத்திருந்தது.

மறுநாள் காலை இசைவாணி செயலாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள். மூக்கன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொன்னது ரொம்பச் சாதாரணமான யோசனை: தேதி உள்ளவர்களை மட்டும் எடு என்று கட்டளையில் ஒரு வரி சேர்த்தால் மற்ற எல்லாரும் இந்த நிமிஷமே ஏறிவிடுவார்கள். மூக்கனைப் பிறகு தனியாக ஏற்றிக்கொள்ளலாம்.

முதல் பாதியைக் கேட்டதும் கண்ணுசாமியின் முகம் மலர்ந்தது. இரண்டாம் பாதியில் சுருங்கியது.

“தனியாவா? ஏம்மா, ஒவ்வொருத்தரா ஏத்துற பழக்கத்தத்தானே நம்ம ஒழிச்சிருக்கோம். இவர ஒருத்தர ஏத்துனா அது லூப்பு ஆயிடாதா?”

“ஒரே ஒரு தடவதான் சார். அது லூப் இல்ல. பாக்கப்போனா ஒரு ஆளும் ஒரு தொகுதிதான் சார்.”

“கணக்குல இருக்கலாம். நிர்வாகத்துல கெடையாது.”

பிறகு வாசல் பக்கம் திரும்பி, மூக்கனிடம் மிகுந்த பரிவுடன் பேசினார். கவலைப்பட வேண்டாம். இவரைப் போலவே தேதி இல்லாதவர்கள் மாவட்டத்தில் இன்னும் இருப்பார்கள். இலுப்பூர் பக்கம் போனால் நிச்சயம் அகப்படுவார்கள். ஒரு ஐம்பது பேர் சேரட்டும். தொகுதியானதும் ஒரே கட்டளையில் எல்லாருக்கும் தார்ப்பாய்.

“அதுவரைக்கும் மழைய என்ன சார் செய்யிறது?” என்றார் மூக்கன்.

மழை வேறு துறை என்றார் கண்ணுசாமி.

அந்த நிமிஷமே இசைவாணி அந்த ஒரு வரியைச் சேர்த்துத் தட்டினாள். பட்டியல் நிறைந்தது. ஆனால் ஒரு சின்ன அழகுக்குறை: மனுப்போட்டவர்களை விடப் பெற்றவர்கள் ஒருவர் குறைவு. நூற்றுக்கு நூறு என்று அறிக்கை எழுத முடியாமல் பேனா தடுக்கியது. கண்ணுசாமி யோசித்தார். யோசித்தபின், தேதி இல்லாத மனுக்களை நீக்கும்படி சொன்னார். இசைவாணி மாட்டேன் என்றாள். தன் ஒப்பந்தம் அடுத்த மாசம் முடிகிறது என்பதை அவள் மறந்துவிட்டாளோ என்று அவர் மெதுவாகக் கேட்டார். அவள் மறக்கவில்லை, இருந்தாலும் எழுந்து போய்விட்டாள். ஆகவே அவரே உட்கார்ந்து, ஒற்றை விரலால், அந்தச் சங்கத்தில் முதல்முறையாகத் தன் சொந்தக் கையால் ஒரு வேலையைச் செய்தார்.

மனுப்போட்டவர்கள், பெற்றவர்கள்: இரண்டும் சமம்.

மூக்கன் மனு ரசீதை எடுத்துக்கொண்டு வந்து கேட்டபோது, அப்படி ஒரு மனுவே இல்லை என்று சொல்லப்பட்டது. புகார் கொடுக்கலாமா என்றார். தாராளமாகக் கொடுக்கலாம், புகாருக்கு மனு எண் வேண்டும் என்றார்கள். டீக்கடையில் பாலுக்குத் தண்ணீர் திரும்பி வந்தது. நல்லதம்பி பழையபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாழைப்பழச் சீப்பைப் பற்றி மட்டும் யாரிடமோ விசாரித்தாராம்.

மறுநாள் பாராட்டு விழா. சங்க வாசலில் சவுக்குக் கம்பு நட்டு, கட்டடத்தையே மறைக்கிற மாதிரி ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் கண்ணுசாமி ஆளுயரத்துக்கு இரண்டு மடங்காகக் கைகூப்பிச் சிரித்தார். ‘ஒருவர்கூட விடுபடாத ஒரே சங்கம்’ என்று கீழே எழுதியிருந்தது. தார்ப்பாய்களை ஒவ்வொருவருக்காகக் கொடுப்பது கொள்கைக்கு விரோதம் என்பதால், கிடங்கைத் திறந்துவிட்டார்கள். மூவாயிரம் பேரும் ஒரே மூச்சில் உள்ளே போனார்கள். சிலர் தார்ப்பாயோடு வந்தார்கள், சிலர் மூன்று தார்ப்பாயோடு வந்தார்கள், சிலர் சட்டை கிழிந்து வந்தார்கள். மேடையில் கண்ணுசாமி இதைப் புள்ளிவிவரத்தோடு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் முதல் துளி மைக்கில் விழுந்தது.

கூட்டம் களத்தை நோக்கி ஓடியது. ஆளுக்கு ஆள் அவரவர் கடலையை மூடினார்கள். நடுவில் ஒரே ஒரு அம்பாரம் திறந்து கிடந்தது. சொர்ணவல்லி அதன் மேல் தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்; அது எவ்வளவு கடலையை மூடும்?

மூக்கன் களத்துக்கு ஓடவில்லை. சங்க வாசலுக்கு ஓடினார். கம்பில் ஏறி ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்தார். மறுபக்கத்து முடிச்சை யாரோ அவிழ்ப்பது தெரிந்து பார்த்தார். இசைவாணி.

கண்ணுசாமி தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்று, அது சங்கச் சொத்து, கைவைத்தால் திருட்டு வழக்கு வரும் என்று எச்சரித்தார்.

பிளெக்ஸைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டே மூக்கன் திரும்பிப் பார்த்தார். “யாரு மேல சார் வழக்குப் போடுவீங்க? நாந்தான் ஒங்க கணக்குலயே இல்லையே.”

அந்தக் கேள்விக்குத் துணைக்குழு தேவைப்பட்டது.

களத்தில் மூன்று பேருமாகப் பிளெக்ஸைப் பிரித்து விரித்தார்கள். அம்பாரத்தை முழுசாக மூடி, ஓரத்தில் கல் வைக்கவும் இடம் மிஞ்சியது. சங்கத்தின் நலத்திட்டங்களில் கடைசி மனிதனிடம் உண்மையிலேயே வந்து சேர்ந்தது இதுதான் என்று வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

மழை வலுத்தது. ஒரு நுனியைப் பிடித்திருந்த சொர்ணவல்லி கேட்டாள்: “எந்தப் பக்கம்யா மேல இருக்கணும்? இவரு மூஞ்சி கடலைப் பக்கமா, வானத்துப் பக்கமா?”

“வானத்துப் பக்கமே இருக்கட்டும்” என்றார் மூக்கன். “வருசம் பூரா நம்மதானே நனையிறோம்.”