ஏழின்மேல் ஏழு ஏறிய படலம்

வாழ்க அந்த மாவீரர்! பத்து விரலே படையாகவும், நெற்றி வியர்வையே குருதியாகவும், மூன்று நிமிடமே ஓர் ஊழிக்காலமாகவும் கொண்டு, தன் கையால் செய்த கையுறையோடு தானே போர் தொடுத்த தகைசால் கையுறைக்காரர் வாழ்க! இதைச் சொல்லத் துணிந்த என் நாவும் வாழ்க. நடுவில் சிரித்துத் தொலைக்காமல் இதைச் சொல்லி முடிப்பது அதற்கு லேசான காரியம் அன்று.

அவர் ஆண்ட தேசம் எதுவென்று கேட்பீராகில், வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அங்கே நாற்பது பீங்கான் கைகள் விண்ணை நோக்கி விரல் விரித்து வரிசையில் நிற்கும். அச்சுகளாகிய அவற்றை ரப்பர்ப் பாலில் முக்கி, சூடேற்றி, உரித்தெடுத்தால் கையுறை. நாற்பது கைகளும் ஏழாம் அளவு. ஊரிலிருந்த பல் டாக்டர்கள் அத்தனை பேரும் ஒரு காலத்தில் அவரிடம்தான் வாங்கினார்கள். பிறகு ஒவ்வொருவராக, "ரொம்பத் தடிமனா இருக்குங்க, பல்லு எது ஈறு எதுன்னே தெரியல" என்று கழன்றுகொண்டார்கள். கொட்டகையில் அடுப்பு அணைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இந்த வேளை பார்த்து எழுந்தருளினார் மனைவியின் அண்ணன். பஞ்சுக்குவை மன்னர், மெத்தைக் கடை முதலாளி, ஆறடி உயரமும் அதற்கேற்ற சுற்றளவும் கொண்ட அருமை மச்சான். அவர் மொழிந்த அருள்வாக்கு இது: "போதும் மாப்பிள, இந்த விளையாட்டு. திங்கட்கிழமைலேர்ந்து நம்ம கடைக்கு வந்துடுங்க. பெரிசா வேலை ஒண்ணும் இல்ல. கஸ்டமர் வந்தா மெத்தை மேல உக்காந்து, ரெண்டு குதி குதிச்சுக் காட்டணும், அவ்ளோதான்."

குதிப்பதாம்! நாற்பது கைகளுக்கு அதிபதி, காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை, கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால், போவோர் வருவோர் காணக் குதிப்பதாம்! கையுறைக்காரர் உள்ளே ஓடினார். மனைவியிடம் முறையிட்டார். "அண்ணன் நல்லதுக்குத்தானே சொல்லுது" என்று அந்த அம்மாள் பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

அப்போது வந்தது ஓர் அழைப்பு. ஊருக்கு வெளியே, இரட்டை மதிலும் மும்மடங்குப் பூட்டும் உடையதாய், கண்ணுக்குத் தெரியாப் பகைவர்களாகிய கொடுங்கிருமிகள் என்றேனும் நாட்டின்மீது ஏவப்பட்டால் அவற்றை எவ்வாறு முறியடிப்பது என்று இராப்பகலாய் ஆராயும் ஒரு நிலையம் இருந்தது. உயிரியல் பாதுகாப்பு ஆய்வு என்று அதற்குப் பெயர். அந்த ஆய்வுக்கு வேண்டிய கையுறை, முகமூடி, குப்பி, குளிர்பெட்டி எல்லாவற்றையும் இனிமேல் சிறு உற்பத்தியாளர்களிடமும் வாங்கப் போவதாகவும், விருப்பமுள்ளோர் வெள்ளிக்கிழமை சரக்கோடு வந்து தேர்வில் நிற்கலாம் என்றும் அறிவித்திருந்தார்கள். கையுறைக்காரர் அதை மூன்று தடவை படித்தார். பிறகு அலமாரியில் இருந்ததிலேயே புதிய பெட்டியைத் துடைத்து எடுத்துவைத்தார்.

ஆனால் போர்க்களம் போகத் தேர் வேண்டுமே! "நானே கொண்டுபோய் விடுறேன். தோத்துட்டு பஸ்ல திரும்பி வர்றது கஷ்டம்" என்று பரிவோடு வந்தார் மச்சான். 'படுத்தால் எழ மனம் வராது' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதிய மெத்தை வண்டியில், முன்னிருக்கையில், மடியில் பெட்டியோடு அமர்ந்து, நம் வீரர் புறப்பட்டார்.

நிலையத்தின் பயிற்சிக் கூடத்தில் வேந்தர் பலர் கூடியிருந்தனர். உறைபனியைப் பெட்டியில் அடைத்து விற்கும் குளிர்பெட்டிக் கோமான் ஒருபுறம். மூச்சுக்கு வேலி கட்டும் முகமூடிக் குரிசில் ஒருபுறம். இவர்கள் அனைவரையும் மூக்கின் நுனியால் நோக்கியபடி, பெரிய கம்பெனியின் பிரதிநிதி, பட்டு டை பளபளக்க, டைக்காரர் ஒருபுறம். அவரும் கையுறைதான் கொண்டுவந்திருந்தார். நடுவில் நீள மேசை. மேசைக்கு அப்பால் நிலையத்தின் தலைமை விஞ்ஞானி, சிரித்து யாரும் பார்த்திராத அம்மையார். அவருக்குப் பக்கத்தில் கடிகாரத்தோடு ஸ்டோர் கீப்பர். மச்சான் பின்வரிசையில் இரண்டு நாற்காலியை நிறைத்து உட்கார்ந்தார்.

அம்மையார் போர்முறையை அறிவித்தார். "ரெண்டு ஜோடி போடணும், ஒண்ணு மேல ஒண்ணு. இங்க உள்ள எல்லாரும் அப்படித்தான் போடுவோம். போட்டுட்டு பத்துக் குப்பி மூடியைத் திறந்து மூடணும். அப்புறம் மேல் உறையை மட்டும் கழட்டணும். மூணு நிமிஷம்."

இரண்டு ஜோடி! கையுறைக்காரர் காதில் இடி இறங்கியது. பல் டாக்டர் எவர் இரண்டு போட்டார்? அவர் பெட்டியில் இருந்தது முழுக்க ஏழு. டைக்காரரோ உள்ளுக்கு ஏழும் வெளிக்கு எட்டுமாகப் பிரித்து அடுக்கி வைத்திருந்தார். மாட்டினார், திறந்தார், மூடினார், கழற்றினார். இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை. அமர்ந்து டையை நீவிக்கொண்டார்.

அடுத்து எழுந்தார் நம் ஏறு.

முதல் ஏழு, பழகிய நாய்க்குட்டியாய் வந்து கையில் ஏறியது. இரண்டாம் ஏழு ஏற மறுத்தது. ஐயகோ, அந்தக் கொடும்போரை எங்ஙனம் உரைப்பேன்! கட்டைவிரல் வாசல் தேடச் சுண்டுவிரல் திசை தவற, நடுவிரலின் அறையுள் மோதிரவிரலும் புகுந்து இரண்டும் ஒன்றையொன்று நெருக்கி நிற்க, மணிக்கட்டில் சுருண்டு மடங்கிய உறையின் விளிம்பைப் பல்லால் கவ்வ முனைந்து, கிருமி நிலையத்தில் வாயில் வைக்கலாமா என்ற அறிவு மின்னலென வெட்டியதால் கவ்வாது விட்டு, மேசை விளிம்பில் முழங்கையை ஊன்றி, கண் சிவந்து, காது சிவந்து, ஒரு பெருமூச்சோடு உந்தினார். ஏறியது! ஏழின்மேல் ஏழு ஏறியே விட்டது! குப்பிகளையும் ஒவ்வொன்றாக வென்றார். விரல்கள் மரக்கட்டையாய் விறைத்தன. ஒன்பதாம் மூடி உருண்டோடி டைக்காரர் காலடியில் விழ, குனிந்து எடுத்து வந்தார்.

கழற்றுவதுதான் மிச்சம். வலக்கை உறை எப்படியோ உரிந்து விழுந்தது. இடக்கை உறை அசையவில்லை. இழுத்தார், நீண்டது. விட்டார், பளாரென்று திரும்பி வந்து கன்னத்தில் அறைந்தது.

"டைம் முடிஞ்சுது" என்றார் ஸ்டோர் கீப்பர்.

பின்வரிசையில் மச்சான் வண்டிச் சாவியை எடுத்தார். கையுறைக்காரரின் மனக்கண்ணில் மெத்தையொன்று விரிந்தது. அதன்மேல் அவர் குதித்துக்கொண்டிருந்தார். அழுகையே வந்துவிட்டது பாவம்.

"மேல போடுறது ஒரு சைஸ் பெரிசா இருக்கணும்னு தெரியாதா?" என்றார் அம்மையார்.

"பல் டாக்டருங்க ஒண்ணுதான் போடுவாங்க மேடம்... கழற மாட்டேங்குது."

ஸ்டோர் கீப்பர் கத்தரிக்கோலை எடுத்தார். "வேண்டாம், இருங்க. இழுங்க பார்ப்போம்" என்றார் அம்மையார், அவர் புருவம் சற்றே உயர்ந்திருந்தது. ஸ்டோர் கீப்பர் இழுத்தார். பாச்சா பலிக்கவில்லை. முகமூடிக் குரிசில் ஸ்டோர் கீப்பரின் இடுப்பைப் பிடித்து இழுத்தார். உறை ஒரு முழம் நீண்டு, இருவரையும் இழுத்த இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்தது.

அப்போது எழுந்தார் மச்சான். "நகருங்க. எங்க மாப்பிள கையி அது, பாத்து!" என்று முழங்கி, சட்டைக் கையை மடித்து, மெத்தை மூட்டைகளைத் தூக்கிப் பழகிய இரு கரங்களாலும் உறையின் நுனியைப் பற்றி, பூமியில் காலூன்றிப் பின்வாங்கினார். உறை நீண்டது, நீண்டது, இன்னும் நீண்டது. அம்மையாரின் மூக்குக்கண்ணாடியைக் கடந்தது, கதவை நெருங்கியது. டப்பென்றொரு பேரொலி. மச்சான் மல்லாந்தார். நாற்காலிகள் நான்கு மடிந்தன.

விழுந்தவரின் கையிலிருந்த உறையை அம்மையார் வாங்கினார். குழாயடிக்குப் போய் அதில் நீர் நிரப்பினார். வாயைக் கட்டிக் கொக்கியில் மாட்டினார். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

"தேர்வுல நீங்க தோத்துட்டீங்க. அதுல மாத்தமில்ல" என்றார் அம்மையார். "ஆனா லேபுக்குள்ள எங்களுக்கு மெல்லிசு வேணாம், கிழியாததுதான் வேணும். கிழிஞ்சா உயிர் போயிடும். இதையே எட்டாம் நம்பர்ல குடுத்தா மறுபடி பார்க்கிறேன். இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தார் கையுறைக்காரர். பொய் அவருக்கு வராது. ஆனால் தரையிலிருந்து, கவிழ்ந்த நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து, இடுப்பைப் பிடித்தபடி எழுந்தது ஒரு குரல்:

"அச்சு வாங்கணும் மேடம். பதினஞ்சு நாள் குடுங்க, செஞ்சு கொண்டாந்துடுறோம்!"

அம்மையார் சிரித்தார் என்று சிலர் சொல்வார்கள். சிரிக்கவில்லை, இருமினார் என்று டைக்காரர் சாதிப்பார். அது எவ்வாறாயினும் ஆகுக. மலர்மாரி பொழிந்ததோ, முரசம் அதிர்ந்ததோ, கொட்டகையின் நாற்பது பீங்கான் கைகளும் ஒருசேரக் கூப்பினவோ, நாற்றிசையும் நடுநடுங்க அந்த மெத்தைத் தேர் வீடு நோக்கித் திரும்பியதோ, அடியேன் அறியேன்.

திங்கட்கிழமை மெத்தைக் கடை பூட்டியிருந்தது; இரண்டு பேரும் எட்டாம் நம்பர் அச்சு வாங்கப் போயிருந்தார்கள்.