கிளையில் மாட்டிய போனும் என் ரகசியமும்

கூச்சக்காரன் பொய் சொல்லாமல் ஒரு நாளைக் கழிப்பது கஷ்டம். பந்தியில் பசியோடு உட்கார்ந்திருந்தாலும் "போதும் போதும்" என்பான். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போனாலும், அங்கேதான் வேலை இருப்பதுபோல இறங்கித் திரும்ப நடப்பான். நான் அந்த ஜாதி. (கண்டக்டரைக் கூப்பிட வெட்கப்பட்டே பாதி ஜவ்வாது மலையை நடந்து பார்த்திருக்கிறேன்.)

சாமை விதைத்து, புளி உலுக்கிப் பிழைப்பவனுக்கு இது ஒரு குறையே இல்லை. சாமைக் கதிர் நம்மைப் பேசச் சொல்லாது. ஆனால் சின்னப் பெண் சத்யாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. நிச்சயத்தன்று பெண்ணைப் பெற்றவன் எழுந்து நின்று, ஊர் கேட்க, "என் பெண்ணை உங்கள் வீட்டுக்குக் கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். ஒரே ஒரு வரிதான். பெரிய பெண்ணின் நிச்சயத்தில் அதைச் சொல்ல எழுந்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, கண் இருட்டியது. "மாடு அவுத்துக்கிச்சு" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டேன். என் மச்சான்தான் அந்த வரியைச் சொன்னார். எங்களிடம் மாடே கிடையாது.

இந்தத் தடவை சத்யா கறாராகச் சொல்லிவிட்டாள். "நீதான் சொல்லணும்பா. மாமா சொன்னா நான் வந்து நிக்கவே மாட்டேன்."

அன்றோடு என் தூக்கம் போயிற்று. முழங்கால் வலி என்று மனைவி மங்காவிடம் சொல்லிவிட்டு, மலையிறங்கி ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்த டாக்டர், "இதயம் நல்லா இருக்கு. பயம்தான் ஜாஸ்தி. அதுக்குன்னு பேசி சரிபண்றவங்க இருக்காங்க" என்று பக்கத்து அறையிலிருந்த ஆலோசகர் அம்மாவிடம் அனுப்பினார்.

"சொல்லுங்கய்யா, என்ன பிரச்சனை?" என்று அந்த அம்மா கேட்டார்.

"முழங்கால் வலிங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. (நானாக இருந்தால் சிரித்திருப்பேன்.) "நேர்ல கூச்சமா இருந்தா போன்ல பேசலாங்க. செவ்வாக்கெழம பதினோரு மணிக்குக் கூப்பிடுறேன். யாரும் இல்லாத இடமா பாத்து உக்காருங்க" என்றார்.

எங்கள் ஊரில் போன் பேசுவதற்கு ஒரு முறை உண்டு. சுற்றுவட்டாரத்துக்கே ஊருக்கு மேலேயுள்ள பலாமரத்தில்தான் சிக்னல். கையில் வைத்தால் போய்விடும். போனை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, கல்லின்மேல் ஏறிக் கிளையில் மாட்ட வேண்டும். மணி அடித்தால் ஸ்பீக்கரை அமுக்கிவிட்டு, கீழே இறங்கி நின்று கத்த வேண்டும். பதினோரு மணிக்கு ஊரே களையெடுக்கப் போயிருக்கும் என்று தைரியமாகப் போனேன். மழையில் இரண்டு நாள் படுத்துக் கிடந்த டவர் அன்று காலைதான் எழுந்தது என்பதும், ஊரில் ஆளாளுக்குப் பேச்சு பாக்கி இருந்தது என்பதும் என் புத்தியில் ஏறவில்லை.

போன் அடித்தது.

"பக்கத்துல யாராவது இருக்காங்களா?" என்று மரம் கேட்டது.

"ஈ காக்கா இல்லீங்க!" என்று கத்தினேன்.

"கண்ண மூடிக்கோங்க. மூச்ச மெதுவா இழுத்து, மெதுவா விடுங்க. இப்ப மனசுல இருக்கறத சொல்லுங்க."

மரத்தடியில் உட்கார்ந்து கண்ணை மூடியதும் ஆச்சரியம், பேச்சு வந்துவிட்டது! யார் முகமும் தெரியவில்லையே. மாடு அவிழ்ந்த கதை, முழங்கால் பொய், எல்லாவற்றையும் கொட்டினேன். "இன்னொண்ணும்மா! சம்பந்தி மீசையப் பாத்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்குது! இது மட்டும் அவருக்குத் தெரிஞ்சா என் மானமே போய்டும்!"

"சரிங்க, இன்னொரு தடவ மூச்ச இழுங்க."

இழுத்தேன். ஒரு ஆள் இழுக்கிற சத்தமாக இல்லை. ஊதுலைத் துருத்தி மாதிரி கேட்டது.

கண்ணைத் திறந்தேன். எட்டு, பத்துப் பேர் ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். முன்னால் மங்கா. அவள் மட்டும் கண்ணைத் திறந்து என் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் மீசை.

"இன்னா தம்பி நிறுத்திட்ட? நல்லாத்தானே போய்னு இருந்துச்சு" என்றாள் பக்கத்து வீட்டுப் பொன்னி அக்கா.

"அங்க யாரு பேசுறது?" என்றது மரம்.

"நாங்க ஊர்க்காரங்கதாம்மா. வேற யாரும் இல்ல."

நான் எழுந்தேன். "மாடு..." என்று ஆரம்பித்தேன்.

"உக்காருய்யா. நம்ம வூட்ல இப்பவும் மாடு இல்ல" என்றாள் மங்கா.

சம்பந்தி என்னைத் தாண்டிப் போய்க் கல்லின்மேல் ஏறினார். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன். சத்யாவின் முகம் கண்முன் வந்தது. அவர் பைக்கு நேராக வாயை வைத்து, "டாக்டரம்மா, நான் மாப்பிள்ளையோட அப்பா பேசறேன்" என்றார். "நிச்சயத்தன்னிக்கி நானும் எழுந்து பதில் சொல்லணும்மா. எனக்கும் கை காலெல்லாம் ஒதறுது. மீசைய வச்சித்தான் சமாளிச்சிக்கினு கீறேன். இந்த மூச்ச எத்தினி வாட்டி இழுக்கணும்?"

நிச்சயத்தன்று எழுந்து நின்றேன். வழக்கம்போல நெஞ்சு அடித்தது. "இழு!" என்று பொன்னி அக்கா குரல் கொடுத்தாள். பந்தலே மூச்சை இழுத்தது. வெளியூர் உறவுக்காரர்கள் இது மலைச் சடங்கு போலிருக்கிறது என்று பயபக்தியோடு அவர்களும் இழுத்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு வரியைச் சொன்னேன். மரத்தடிப் பழக்கத்தில் கொஞ்சம் சத்தமாகப் போய்விட்டது. நாய்கள் குரைத்தன. சம்பந்தியும் கண்ணை மூடிக்கொண்டு பதிலுக்குக் கத்தினார். அப்போது சத்யா அழுதாள் என்கிறாள் மங்கா, சிரித்தேன் என்கிறாள் சத்யா. நான்தான் பார்க்கவில்லையே.

இப்போதும் செவ்வாய்க்கிழமைகளில் பேசுகிறேன். மங்கா பாதையில் துரட்டிக்கோலோடு காவல் நிற்கிறாள். வீட்டில் நான் கொஞ்சம் உம்மென்று இருந்தால் போதும், "போன மரத்துல மாட்டட்டுமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

போன வாரம் சத்யா பெற்ற பேரனுக்குப் பெயர் வைத்தோம். காதில் பெயரைச் சொல்ல நான் குனிந்ததும், வீடே மூச்சை இழுத்தது. பேரன் வீல் என்று ஒரு அலறல் விட்டான்.

சம்பந்தி மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இவனுக்கு மரமே வேணாம்."