ஒரு நூல் பிசகாத பாத்ரூம்

மனிதர்களில் 'நாமளே பண்ணிடலாம்' என்று ஓர் இனம் உண்டு. அம்பத்தூரில் ஆரம்பித்து ஆவடி வரைக்கும், அந்தப் பக்கம் பூந்தமல்லி வரைக்கும், தெருவுக்கு இரண்டு பேர் வீதம் குடியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்காவது ட்ரில்லிங் மெஷின் அலறி, அதன் பின்னால் ஓர் 'ஐயோ' கேட்டு, அதன் பின்னால் "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று ஒரு குரல் சமாதானம் சொன்னால், அந்த வீட்டில் இவர் இருக்கிறார் என்று அர்த்தம். கிட்டே போகாதீர்கள். போனால் உங்கள் கையில் ஒரு டார்ச் லைட்டைத் திணித்து, "இப்படிப் பிடிங்க, ஆட்டாதீங்க" என்று ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்துவிடுவார்.

இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். கொத்தனார் வந்து பார்த்து, தலையைச் சொறிந்து, "ஆறு நாள் ஆவும் சார்" என்று சொன்ன மாத்திரத்தில் இவர் இடுப்பில் கை வைப்பார். உதட்டைப் பிதுக்குவார். பிறகு அந்த வாக்கியம் வரும்: "ஆறு நாளா? இதுல என்ன இருக்கு? நாமளே பண்ணிடலாம்."

அந்த 'நாம'வைக் கொஞ்சம் கவனியுங்கள். தமிழில் 'நாங்கள்' என்று ஒன்று இருக்கிறது, 'நாம்' என்று ஒன்று இருக்கிறது. சொல்கிறவர் 'நாங்கள்' என்றால் கேட்கிறவர் தப்பித்தார். 'நாம்' என்றால் மாட்டிக்கொண்டார். இவர் வாயில் ஒரு நாளும் 'நாங்கள்' வந்தது கிடையாது. 'நாம' என்றால் மணல் சலிப்பது மச்சான், மூட்டை தூக்குவது மகன், டீ போடுவது மனைவி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பது இவர் என்று நீங்களாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போக வேண்டாம். திருமுல்லைவாயிலில் எங்கள் தெருவிலேயே அழகேசன் இருக்கிறார். ஒரு தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "என் கையில அளந்து குடுத்தா ஒரு நூல் பிசகாது" என்பார். கல்யாண வீட்டில் இலை போட்டால் கூட, அது பக்கத்து இலைக்கு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? அந்தக் கண் பாத்ரூம் பக்கம் திரும்பாதவரை ஒருவருக்கும் ஒன்றும் இல்லைதான்.

திரும்பியது. காரணம் அவர் மனைவி கமலத்தின் வலது முட்டி.

எலும்பு தேய்ந்து, முட்டியை மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி, ஆகஸ்ட் இருபதாம் தேதிக்கு நாள் குறித்துக் கொடுத்தார். கொடுக்கும்போதே கண்டிப்பாகச் சொன்னார்: ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனதும் குந்தி உட்காரக் கூடாது, படி ஏறக் கூடாது, தரையில் சொட்டு ஈரம் நிற்கக் கூடாது, வழுக்கினால் எல்லாம் போச்சு. அழகேசன் வீட்டில் கீழே ஒரே ஒரு பாத்ரூம். அதில் இருப்பது தரையோடு தரையான பழைய கழிப்பறை. தரையோ பாசி பிடித்தது. மாடியில் மகன் விஷாலின் அறையை ஒட்டி ஒன்று உண்டு, பத்தொன்பது படி ஏற வேண்டும். ஆக, கமலம் புது முட்டியோடு திரும்பி வருவதற்குள் கீழே ஒரு வெஸ்டர்ன் டாய்லெட்டும் வழுக்காத தரையும் வேண்டும். அவ்வளவுதான் அந்த அம்மாள் கேட்டது. இரண்டு மாதம் அவகாசமும் இருந்தது.

வேம்புலி மேஸ்திரி வந்தார், பார்த்தார், ஆறு நாள் என்றார். அழகேசன் இடுப்பில் கை வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை 'நாம' கூடியது. நூம்பலிலிருந்து கமலத்தின் தம்பி கஜபதி பைக்கில் வந்து இறங்கினார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் விஷாலை எழுப்பிக் கீழே கொண்டுவந்தார்கள். அழகேசன் பாரிமுனைக்குப் போய் வாங்கி வந்திருந்த சாமான்களைக் கூடத்தில் பரப்பினார்: சுத்தியல் மூன்று, உளி நான்கு, டைல்ஸ் வெட்டும் மெஷின், கையுறை, முகமூடி, நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு, இவற்றுக்கெல்லாம் நடுவில், உறையிலிருந்து மெதுவாக உருவி எடுத்த இரண்டடி நீள ரசமட்டம். தரை மட்டமாக இருக்கிறதா என்று குமிழியை வைத்துக் காட்டுமே, அதுதான். அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, குமிழி ஓடுவதைப் பார்த்து, "பாரு கஜபதி, பொய்யே சொல்லாது" என்றார். மகள் வயிற்றில் முதல் பேரன் பிறந்தபோது கூட அந்த மனிதர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நாங்கள் பார்த்ததில்லை.

இடிப்பதற்கு ஒரே காலைதான் ஆனது. இடிக்க யாருக்குத்தான் தெரியாது? பதினோரு மணிக்கெல்லாம் பழைய பீங்கான் போயிற்று, தரை போயிற்று, அவசரத்தில் ஒரு குழாயும் போயிற்று. மூவரும் முட்டை பிரியாணி சாப்பிட்டுவிட்டு அசதியில் படுத்தார்கள். கமலம் பாத்ரூம் வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். நிற்க இடமில்லை, ஒதுங்க இடமில்லை.

"இன்னாங்க, இப்போ நான் எங்க போவேன்?"

"ரெண்டே ரெண்டு ஞாயித்துக்கிழமை கமலம். கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ."

எப்படி அட்ஜஸ்ட் பண்ணினாள் தெரியுமா? மறுநாளிலிருந்து விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தோளில் துண்டும், ஒரு கையில் சோப்பு டப்பா போட்ட பச்சை பக்கெட்டும், மறு கையில் தடியுமாக, தேய்ந்த முட்டியை இழுத்து இழுத்து, கீழேயே வெஸ்டர்ன் டாய்லெட் உள்ள அடுத்த வீட்டு லோகநாயகி வீட்டுக்குப் போனாள். அந்த வீட்டுக்காரர் எழுந்து ரயிலுக்குக் கிளம்புவதற்குள் குளித்து முடித்துவிட்டு, அதே தடியோடு திரும்பி வந்தாள். பகலில் எத்தனை தடவை அடுத்த வீட்டுக் கேட்டைத் தட்டுவது என்று வெட்கப்பட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டாள். ஐம்பத்தெட்டு வயசில், சொந்த வீட்டுக்காரி! இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"இன்னாடி கமலம், இன்னும் எத்தினி நாளைக்கு?" என்று லோகநாயகி ஒரு நாள் கேட்டாள்.

"யாருக்கு தெரியும்க்கா? நாமளேல்ல பண்ணிக்கினு கீறோம்."

இரண்டு ஞாயிறு என்பது ஆறாயிற்று. ஒரு ஞாயிறு கஜபதி வரவில்லை, மச்சினிச்சி வீட்டில் காதுகுத்து. ஒரு ஞாயிறு மழை; பாத்ரூமுக்குக் கூரை இருக்கிறது, ஆனாலும் மழை. ஒரு ஞாயிறு முழுக்க டைல்ஸ் சாம்பல் நிறமா, சந்தன நிறமா என்ற விவாதத்தில் போயிற்று. மற்றொரு ஞாயிறு வாங்கி வந்த டாய்லெட் கோப்பையின் கழுத்தும் தரையிலுள்ள குழாயும் சேரவில்லை. "அவன் அளவு தப்பு" என்று கம்பெனிக்காரனை முப்பது நிமிடம் திட்டிய பிறகுதான், திருப்பி வைத்திருக்கிறோம் என்று விஷால் கண்டுபிடித்தான். கமலம் மட்டும் ஒரு நாள் விடாமல் பக்கெட்டோடு போய் வந்தாள்.

கடைசியில் தரை போடும் நாள் வந்தது. இங்கேதான் ரசமட்டத்துக்கு வேலை. அழகேசன் ஒவ்வொரு டைல்ஸாகப் பதித்து, அதன் மேல் ரசமட்டத்தை நீளவாக்கில் வைத்துப் பார்த்து, குறுக்கே வைத்துப் பார்த்து, மூலைக்கு மூலை வைத்துப் பார்த்து, குமிழி இரண்டு கோட்டுக்கும் நட்டநடுவில் வந்து நிற்கும் வரை ரப்பர் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தார். விஷால் கையில் போனை வைத்துக்கொண்டு, யாரோ ஓர் இந்திக்காரர் டைல்ஸ் பதிக்கும் வீடியோவை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக்கொண்டிருந்தான்.

"அப்பா, இவரு ஸ்லோப் ஸ்லோப்னு ஏதோ சொல்றாருப்பா."

"அது வடநாட்டு வீட்டுக்குடா. நம்ம வீடு மட்டமா இருக்கணும்."

கஜபதிக்கும் ஏதோ உறுத்தியது. "மாமா, தண்ணி போறதுக்கு எதுனா வழி வோணாமா?"

"மூலையில ஓட்டை இருக்குல்ல?"

"கீது."

"அப்புறம் என்ன? போகும்."

சொல்லிவிட்டு, கடைசி டைல்ஸில் ரசமட்டத்தை வைத்து, "ஒரு நூல் பிசகல பாத்தியா!" என்றார். அதை அப்படியே படமெடுத்து, 'நாமளே பண்ணது' என்று சொந்தக்காரர்கள் குழுவில் போட்டார்கள். முப்பத்தேழு கைதட்டல் வந்தது. கைதட்டிய ஒருவரும் அந்தப் பாத்ரூமில் குளிக்கப் போகிறவர் இல்லை.

ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி, ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு, கமலம் தன் வீட்டுப் பாத்ரூமில் குளித்தாள். முதல் சொம்பு ஊற்றினாள். தண்ணீர் நின்றது. இரண்டாவது ஊற்றினாள். அதுவும் நின்றது. மூலை ஓட்டைக்கு அந்தத் தண்ணீர் மேல் எந்த உரிமையும் இல்லை. தரை அத்தனை மட்டம். நான்கு பக்கமும் ஒரே அளவாகப் பரவி, பாதம் மூழ்கி, நாலாவது சொம்புக்கு வாசற்படி தாண்டிக் கூடத்துக்கு வந்து, டி.வி. ஸ்டாண்ட் வரைக்கும் போயிற்று. கமலம் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஓரோர் அடியாக எடுத்து வைத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இந்தத் தொழிலில் வாட்டம் என்று ஒரு சொல் உண்டு. தண்ணீர் ஓட்டையைப் பார்த்து ஓடுவதற்காகத் தரையைக் கொஞ்சம் சாய்த்துப் போடுவதற்குப் பெயர். மண்வெட்டி பிடித்து மூன்று நாள் ஆனவருக்கும் தெரியும். தரையில் இருக்க வேண்டிய வாட்டம் அன்றைக்குக் கமலத்தின் முகத்தில் இருந்தது.

அழகேசன் என்ன செய்தார் என்கிறீர்கள்? ரசமட்டத்தை எடுத்துவந்து தண்ணீருக்குள் வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. "கரெக்டாதானே இருக்கு!" என்றார். பிறகு மகனையும் மச்சானையும் பார்த்துத் திரும்பினார்.

"நீங்க ரெண்டு பேரும் அன்னிக்கே ஒழுங்கா சொல்லியிருக்கலாம்ல? நீங்க பண்ண வேலைதான் இது."

பாருங்கள், இரண்டு மாதமாக அந்த வீட்டில் குடியிருந்த 'நாம' ஒரே நிமிடத்தில் காலி செய்துகொண்டு போய்விட்டது!

"அவ்ளோதான? தேதியத் தள்ளி வெச்சுக்கலாம். நாமளே ஒரு ஞாயித்துக்கிழமை..." என்று இவர் மறுபடியும் ஆரம்பித்தபோது, கமலம் ஈரப் புடவையோடு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தேதிய மாத்த மாட்டேன்," என்றாள். "ஊட்ட மாத்திக்கிறேன்."

அங்கேயே போனை எடுத்து வேம்புலியைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்து, ரசமட்டத்தையும் பார்த்து, சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். "சார், பாத்ரூம்ல போய் யாராவது மட்டம் பாப்பாங்களா? வாட்டம் எங்க சார்?" என்றார். மறுநாள் எல்லாவற்றையும் உடைத்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஐந்தாம் நாள் விஷால் அம்மாவை டாக்ஸியில் அழைத்து வந்தான். வேம்புலியின் ஆறு நாளில் இன்னும் ஒரு நாள் பாக்கி. சிமெண்ட் காய அதற்கு மேலும் வேண்டும். 'கோவத்துல சொன்னா, எங்க போயிடுவா?' என்று நினைத்திருந்த அழகேசன், ஆரத்தித் தட்டோடு கேட்டருகில் நின்றார். ஆரத்தியையும் இவரே கரைத்திருந்தார். சுண்ணாம்பு போட மறந்து, மஞ்சள் தண்ணீர் மஞ்சளாகவே கிடந்தது. டாக்ஸி வந்தது. அழகேசன் வீட்டு வாசலைத் தாண்டிப் போய், அடுத்த வாசலில் நின்றது. அங்கே லோகநாயகி கரைத்த ஆரத்தி நல்ல சிவப்பாக இருந்தது. கட்டின புருஷன் தட்டோடு ஒரு வாசலில் நிற்க, பெண்டாட்டி வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுத்த வாசலில் ஏறியதை, நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். எனக்குப் பரிதாபமாக இருந்தது என்று சொல்ல ஆசைதான். இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்துக் கமலம் தன் வீட்டுக்கு வந்தாள். முதல் வேலையாகப் பாத்ரூமுக்குள் போய், ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, அது சறுக்கிக்கொண்டு மூலைக்குப் போய் மறைகிறவரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதை அதோடு முடிந்தது என்றா நினைக்கிறீர்கள்? நலம் விசாரிக்க ஆப்பிளோடு வருகிற ஒவ்வொருவரையும் அழகேசன் பாத்ரூமுக்குள் அழைத்துப் போகிறார். "நானே கூட நின்னு போட்டது. வாட்டம்தாங்க இதுல முக்கியம். நெறைய பேருக்குத் தெரியறதில்ல" என்கிறார். 'நாம' போய், 'நீங்க' போய், இப்போது 'நான்' வந்துவிட்டது. போன வாரம் நான் போயிருந்தபோதும் இந்தப் பாட்டுதான். கமலம் கட்டிலில் இருந்தபடியே சொன்னாள்:

"என் முட்டியக் கூட நாமளே மாத்திடலாம்னுதான் இருந்தாரு. டாக்டருதான் உடல."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லது. 'நம்ம வீட்டில் அப்படி யாரும் இல்லை' என்று வேறு நினைத்துக்கொள்கிறீர்கள். எனக்காக ஒன்று செய்யுங்கள். எழுந்து போய் உங்கள் வீட்டுப் பாத்ரூம் கதவின் பின்னால் பாருங்கள். அங்கே தண்ணீர் தள்ளுகிற வைப்பர் கட்டை ஒன்று சாத்தியிருக்கிறதா? ரப்பர் தேய்ந்திருக்கிறதா? தேய்ந்திருந்தால், நீங்கள் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகு, உள்ளே போய்த் தினமும் அந்தத் தண்ணீரைத் தள்ளுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். அந்த வேலைக்கு மட்டும், "இதுல என்ன இருக்கு, நாமளே பண்ணிடலாம்" என்று நீங்கள் ஒரு நாளாவது சொன்னதுண்டா?